வானூர்திக் காப்புறுதி யாருக்காக?

கண்டிக்கு விமான நிலையம் இல்லை. பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் நீர்விமானம் வந்திறங்கியதை ஊரார் கரையில் நின்று கண்டதுண்டு. அதற்குமேல், விமானம் என்பது நம்மவர்க்குத் தலைக்குமேற் கேட்கும் ஒலியாகவே இருந்துவந்தது. இன்று நிலை வேறு. மணவிழாவைப் படம்பிடிக்கும் இளைஞனும், மலைச்சரிவை அளக்கும் நில அளவையாளரும், பயிருக்கு மருந்து தெளிக்கும் ஒப்பந்தக்காரரும் ட்ரோன் என்னும் ஆளில்லா விமானத்தின் உடைமையாளர் ஆகிவிட்டனர். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவேட்டிற் பெயர் ஏறிய அன்றே, சட்டத்தின் கண்களுக்கு அவர்கள் விமானச் சொந்தக்காரர்கள். அந்தப் பொறுப்பின் பாரத்தை அவர்களுள் எத்தனை பேர் உணர்ந்துள்ளனர்?

கலகாவிலோ தெல்தோட்டையிலோ மருந்துத் தாங்கியுடன் பறக்கும் இயந்திரம் காற்றில் நிலைதவறி, லயத்தின் முன்னே நிற்கும் தொழிலாளிப் பெண்ணின்மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்குத் தொடரலாம், தீர்ப்பும் கிடைக்கலாம். தீர்ப்பைச் சமைத்து உண்ண முடியுமா? கடன்பட்டு ஒரே இயந்திரத்தை வாங்கியவனிடம் அறவிட என்ன இருக்கும்? அவளுக்கு நட்டஈடு வந்துசேரும் ஒரே வழி காப்புறுதிதான்.

காப்புறுதி எடுப்போரிற் பலர் தம் இயந்திரத்தின் விலையைக் காக்கவே எடுக்கின்றனர். மூன்றாந் தரப்புப் பகுதியை வீண்செலவென்று ஒதுக்குகின்றனர். எடுத்தவரும் அதைக் காப்பாற்றிக்கொள்வது எளிதன்று. அனுமதியற்ற இடத்திற் பறந்தால், விண்ணப்பத்திற் குறித்தவரன்றி வேறொருவர் செலுத்தினால், படம்பிடிக்கவென்று பதிந்ததை மருந்தடிக்கப் பயன்படுத்தினால், விபத்தைத் தாமதித்து அறிவித்தால் கம்பனி கைவிரிக்கலாம். கேட்கப்படாத செய்தியையும் காப்புறுதி கோருபவன் தானே முன்வந்து சொல்லவேண்டும் என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தின் கோட்பாடு. நமக்கு அதைத் தந்த இங்கிலாந்தே 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் கடுமையைத் தளர்த்திவிட்டது. 1987 இல் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், உரிமையை இழக்கச்செய்யும் இவ்வாசகங்கள் பலவேளை ஆங்கிலத்திலேயே நம்மவர் கையொப்பத்துக்கு வருகின்றன.

பெரிய விமானக் கம்பனிகளும் இச்சங்கடத்துக்கு விலக்கல்ல. 2001 யூலை 24 இல் கட்டுநாயக்கா தாக்கப்பட்டதும், இந்நாட்டுக்கு வரும் விமானத்துக்கும் கப்பலுக்கும் போர் அபாயக் கட்டணம் உயர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 இன் பின், போர் அபாய மூன்றாந் தரப்புக் காப்புறுதியை ஏழே நாள் அறிவித்தலில் உலகமெங்கும் காப்புறுதியாளர் விலக்கிக்கொண்டனர். அரசுகள் பிணைநின்ற பின்னரே பல கம்பனிகளின் விமானங்கள் தொடர்ந்து பறந்தன. ஒற்றை ட்ரோன்காரனுக்குப் பிணைநிற்க எந்த அரசு வரும்? 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் ட்ரோன்கள் தடைசெய்யப்பட்டன. அத்தகைய காலத்தில் முடங்கிக்கிடக்கும் இயந்திரத்துக்குரிய கட்டுப்பணத்தில் ஒருபகுதியைத் திருப்பித்தரும் நிபந்தனையை விமானக் காப்புறுதி உலகம் நெடுங்காலமாக அறியும். நம்மவர் அதைக் கேட்டுப் பெறவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நாம் வற்புறுத்துவது ஒன்றுண்டு. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம், மூன்றாந் தரப்புக் காப்புறுதியின்றி வாகனம் வீதியில் ஓடலாகாது என விதித்தது. தீர்ப்புப் பெற்றவர் காப்புறுதியாளரிடமிருந்தே பணம் பெறவும் வழிவகுத்தது. ஆனால் அச்சட்டம் வீதிக்கு உரியது, வானுக்கு எட்டாது. இந்தியா 2021 இல் வகுத்த ட்ரோன் விதிகள், 250 கிராமுக்கு மேற்படாதவை நீங்கலாக, ஏனைய ட்ரோன்களுக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கின. மோட்டார் வாகனச் சட்டத்தின் நட்டஈட்டு முறை தக்க மாற்றங்களுடன் அவற்றுக்கும் பொருந்துமென்றும் கூறின. அந்த வழியே இங்கும் வேண்டும். உடைமையாளன் நிபந்தனையை மீறினால் கம்பனி அவனிடம் அறவிட்டுக்கொள்ளட்டும். அவன் பிழைக்காகக் கீழே நின்றவள் ஏன் பட்டினி கிடக்கவேண்டும்?

கட்டணம் கூடிவிடும் என்று சில ஒப்பந்தக்காரர் முறையிடுவர். கூடட்டும், அச்செலவு தெளிப்புக் கூலியோடு சேரட்டும். பயன்பெறும் தோட்டக் கம்பனியன்றோ அதைக் கொடுக்கவேண்டும்? சட்டம் வரும்வரை தோட்டத் தலைவர்களும் விவசாயச் சங்கங்களும் ஒன்று செய்யலாம்: தாங்கியில் மருந்து நிரப்புமுன், நடப்பிலுள்ள மூன்றாந் தரப்புப் பத்திரத்தைக் காட்டச் சொல்லி, அதன் பிரதியொன்றை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.