“வயசாயிருச்சு”ன்னு ஒரு நோய் கிடையாது

“எழுபது வயசாச்சு டாக்டர், மறதி இருக்கத்தானே செய்யும்?”

போடிநாயக்கனூர் பக்கம் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் உட்காருகிற எனக்கு இது பழகிப்போன வசனம். ஆத்தாவைக் கூட்டிட்டு வர்ற மகன் சொன்னா புரியுது. படிச்ச டாக்டரே இதைச் சொல்லி ஒரு சத்து டானிக் எழுதி அனுப்பிடறார் பாருங்க, அங்கதான் கோபம் வருது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

வயசானா மூளை மெதுவாகும், உண்மைதான். பேர் சட்டுன்னு வராது. கண்ணாடியை எங்க வெச்சோம்னு தேடுவோம். ஆனா பழகின தெருவிலேயே வழி தப்புறதும், நாப்பது வருஷமா வெச்ச குழம்பை எப்படி வைக்கிறதுன்னு திகைச்சு நிக்கிறதும் வயசுக் கணக்கில் வராது.

2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின் மதிப்பீடு: இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய், அதாவது சுமார் 88 லட்சம் பேர். பெரிய எண்தான். ஆனா திருப்பிப் பாருங்க, 100-ல் 92 பேருக்கு மேல அந்த நோய் இல்லை. அப்புறம் எப்படி அது வயசோட குணமாகும்?

மூளை அணைஞ்சுக்கிட்டே போற விளக்குன்னு ஒரு நினைப்பு நமக்கு. ரொபர்ட்டோ கபேசா என்ற ஆராய்ச்சியாளர் 2002-ல் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். ஞாபக சோதனையின்போது இளைஞர்களுக்கு மூளையின் முன்பகுதியில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. சோதனையில் நன்றாகச் செய்த முதியவர்களுக்கு இரண்டு பக்கமும் வேலை செய்தது. திணறிய முதியவர்களுக்கு ஒரே பக்கம். போடிமெட்டு ரோட்டில் மண் சரிஞ்சா கம்பம்மெட்டு வழியா சுத்திப் போறோம்ல, அந்த மாதிரி மூளையும் மாற்றுப்பாதை போட்டுக்குதுன்னு அவர் விளக்கம்.

இப்ப நம்ம மலைக்கு வருவோம். விடியறதுக்கு முன்னாடி ஜீப்பில் முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போற அம்மாக்களில் அறுபது தாண்டினவங்க எத்தனையோ பேர். தூரடியில் குனிஞ்சு, பிஞ்சை விட்டுட்டு முத்தின காயை மட்டும் எடுக்கணும். கீழே குடோனில் உட்கார்ந்து நிறமும் பருமனும் பார்த்துக் காய் பிரிக்கிறவங்க கை நிக்கவே நிக்காது. இவங்ககிட்ட போய் “நூறுலேருந்து ஏழு ஏழா கழிங்க, ஒரு வாக்கியம் எழுதுங்க, இந்த ஐங்கோணத்தைப் பார்த்து வரைங்க”ன்னு கேட்டா?

அது 1975-ல் அமெரிக்காவில் வந்த எம்.எம்.எஸ்.இ. சோதனை. பென்சிலே பிடிக்காத கை அதில் தோற்கத்தான் செய்யும். இது தெரிஞ்சுதான், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக ஹரியானாவின் பல்லப்கர் பக்கம் அதை இந்தியில் மாற்றியமைச்சு 1995-ல் வெளியிட்டாங்க. “கண்ணை மூடு”ன்னு எழுதிக் காட்டாம, “என் முகத்தைப் பார்த்து நான் செய்யறதைச் செய்யுங்க”ன்னு கேட்கிற சோதனை. முப்பது வருஷம் ஆச்சு. இன்னமும் ஐங்கோணத்தையே நீட்டினா என்ன அர்த்தம்?

இன்னொன்று. ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில் சுவர்ணா அல்லாடி குழு 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டது: ரெண்டு மொழி பேசுறவங்களுக்கு நோய் சராசரியா நாலரை வருஷம் தாமதமா வந்திருக்கு. பள்ளிக்கூடமே போகாதவங்ககிட்டயும் அந்த வித்தியாசம் இருந்தது. வீட்டில் தமிழோ தெலுங்கோ கன்னடமோ, தோட்டத்தில் மலையாளம்னு பேசுற நம்ம அம்மாக்களை “படிக்காத மூளை”ன்னு சொல்றவங்க இதை ரெண்டு தடவை வாசிக்கணும்.

சரி, உண்மையிலேயே மறதின்னு ஒருத்தர் வந்தா? தைராய்டு பார்க்கணும். பி12 பார்க்கணும், குறிப்பா வருஷக்கணக்கா சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்களுக்கு. மனச்சோர்வு இருக்கான்னு கேட்கணும். கடையில் தானா வாங்கிப் போடுற தூக்க மாத்திரையைக் கேட்கணும். காது கேட்குதா, கண்ணில் புரை இருக்கான்னு பார்க்கணும். பல “மறதி”, சொன்னது காதில் விழாததுதான்! இதில் நிறைய சரிசெய்யக் கூடியது. தடுக்கக் கூடியதும் உண்டு. பி.பி., சுகர், புகை, காது, கண் உட்பட 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகத்தில் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம்னு 2024-ல் லான்செட் குழு சொன்னது.

நேத்து வரை தெளிவா இருந்த பாட்டி இன்னிக்குத் திடீர்னு பிதற்றினா, தயவுசெஞ்சு “வயசு”ன்னு படுக்க வைக்காதீங்க. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சுகர் இறக்கம், பக்கவாதம் எதுவா வேணா இருக்கலாம். அன்னிக்கே தூக்கிட்டு வாங்க.

ஞாபக மாத்திரையா? ஜிங்கோவை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் சோதிச்சு 2008-ல் முடிவு வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் இல்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்க.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருது. நல்ல திட்டம். ஆனா பகலில் ஊழியர் வரும்போது மலைக்குப் போன ஆத்தா வீடு பூட்டிக் கிடக்கு. ஓ.பி. நேரத்தில் அவங்க பூப்பாறையில் இருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தா ஒரு நாள் கூலி போச்சு. வராதவங்களை “அக்கறை இல்லாத ஜனம்”னு திட்டுறது ரொம்ப சுலபம்.

நான் கேட்கிறது பெரிய ஸ்கேன் மிஷின் இல்லை. சாயங்காலம் ஜீப் திரும்புற நேரத்துக்கு முந்தலில் ஒரு மேசை, ஒரு நர்ஸ், பி.பி. மிஷின், சுகர் மிஷின், கண் பார்க்கிற சார்ட், காது கேட்குதான்னு பார்க்க அஞ்சு நிமிஷம். வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்.