கடலுக்குள் ஓடும் ஆற்றுக்குக் காவல்!

2025-ம் ஆண்டில் ஐஸ்லாந்து அரசாங்கம் ஒரு புதுமையான அபாயத்தைத் தன் தேசப் பாதுகாப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. அந்த நாட்டின் மீது யாரும் படையெடுக்கவில்லை. கடலில் ஓடும் ஒரு நீரோட்டம் நின்றுவிடுமோ என்பதுதான் அதன் கவலை!

அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில், 44 விஞ்ஞானிகள் வட ஐரோப்பிய நாடுகளின் மந்திரிகள் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். "இந்த அபாயத்தை உலகம் குறைவாக மதித்துவிட்டது" என்பது அக்கடிதத்தின் சாரம்.

அது என்ன நீரோட்டம்? உண்மையிலேயே அது நிற்கப் போகிறதா?

வெந்நீரும் குளிர்நீரும்

அட்லாண்டிக் மகா சமுத்திரத்தில், வெயில் காயும் தெற்குப் பகுதியிலிருந்து சூடான உப்பு நீர் மேல்மட்டத்தில் வடக்கே ஓடுகிறது. போகும் வழியில் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து பக்கம் சேரும்போது குளிர்ந்து கனத்துவிடுகிறது. கனத்த நீர் கீழே இறங்கி, ஆழத்தில் மறுபடியும் தெற்கே திரும்புகிறது.

இந்த ஓட்டம் சாமானியமானது அல்ல. வினாடிக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் கன மீட்டர் நீர்! உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டும் நீரைப்போல் இது பத்து மடங்குக்கும் மேல்.

லண்டன் நகரமும் கனடாவின் லாப்ரடார் கரையின் தென்கோடியும் ஏறக்குறைய ஒரே அளவு வடக்கே இருக்கின்றன. ஆனால் குளிர்காலத்தில் லாப்ரடார் கடற்கரை உறைகிறது; லண்டன் அவ்வளவு குளிர்வதில்லை. இதற்குக் காற்றின் போக்கு ஒரு காரணம். இந்த நீரோட்டம் இன்னொரு காரணம்.

உப்புதான் அச்சாணி

நீர் கீழே இறங்கக் குளிர் மட்டும் போதாது; உப்பும் வேண்டும். பூமியின் உஷ்ணம் ஏற ஏற, கிரீன்லாந்தின் பனிக்கட்டி உருகி நல்ல நீராகக் கடலில் கலக்கிறது. உப்புக் குறைந்த நீர் லேசானது. அது இறங்க மறுத்தால், ஓட்டம் தளரும்.

சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன்பு வட அட்லாண்டிக் பிரதேசம் திடீரென்று கடுங்குளிரில் மூழ்கி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. நல்ல நீர் கலந்து இந்த ஓட்டம் தளர்ந்ததே காரணம் என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள்.

"எங்கோ ஐரோப்பாவில் குளிர் அடித்தால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். ஓட்டம் நின்றால் மழைப் பட்டை தெற்கே நகரும், ஆப்பிரிக்க, ஆசியப் பருவமழைகள் தளரும் என்று ஐ.நா. சீதோஷ்ண நிபுணர் குழு 2021-ல் கூறியது. தென்மேற்குப் பருவமழையை நம்பி ஏர் பூட்டும் உழவனுக்கும் இதில் பங்கு உண்டு.

ஐந்து முறை பார்த்த நாடி

ஆனால் ஓட்டம் தளர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் சிக்கல் இருக்கிறது.

1957, 1981, 1992, 1998, 2004 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கப்பல்கள் அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்து அளந்தன. அந்தக் கணக்கை வைத்து, ஓட்டம் 30 சதவிகிதம் குறைந்துவிட்டது என்று 2005-ல் அறிவித்தார்கள். உலகம் திடுக்கிட்டது.

இதற்கிடையே, 2004-ல் பிரிட்டிஷ், அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு காரியம் செய்தார்கள். பஹாமாஸ் தீவுகளிலிருந்து ஆப்பிரிக்கக் கரை வரையில், கடலடியில் நங்கூரமிட்ட நீண்ட வடங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றில் கருவிகளைக் கட்டிவிட்டார்கள். வெப்பம், உப்பு, அழுத்தம் எல்லாவற்றையும் அவை இரவு பகலாகக் குறித்தன.

முதல் ஆண்டிலேயே உண்மை வெளிப்பட்டது. ஒரே ஆண்டுக்குள் ஓட்டம் 40 லட்சத்துக்கு இறங்கியது; 3 கோடியே 50 லட்சத்துக்கு ஏறியது! ஐந்து முறை நாடி பார்த்து 47 ஆண்டு நோயைச் சொன்ன கதை ஆகிவிட்டது, பழைய கணக்கு.

அதற்காக, ஆபத்தே இல்லை என்று இருந்துவிடவும் கருவிகள் விடவில்லை. 2009-10-ல் ஓட்டம் சுமார் 30 சதவிகிதம் குறைந்தது. அப்போது நியூயார்க்குக்கு வடக்கேயுள்ள கரையில் கடல்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தது. பிறகு ஓட்டம் ஓரளவு மீண்டது.

தராசும் தவறலாம்

இன்னொரு விந்தை. புளோரிடாவுக்கும் பஹாமாசுக்கும் நடுவே கடலடியில் டெலிபோன் கம்பி போட்டிருந்தார்கள். பூமியின் காந்த சக்தியினூடே உப்பு நீர் ஓடும்போது மின்சாரம் உண்டாகிறது. அந்தக் கம்பியில் அதை அளந்து, 1982 முதல் நீரோட்டத்தைக் கணித்தார்கள். கணக்கில் ஓட்டம் மெல்லக் குறைந்து வந்தது.

2024-ல்தான் விஷயம் புரிந்தது. பூமியின் காந்த சக்தியே சிறிது சிறிதாக மாறி வந்திருக்கிறது! அதைத் திருத்திக் கணக்குப் போட்டால், புளோரிடா ஓட்டம் 40 ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. நாற்பது ஆண்டு அளவு கையில் இருந்ததால்தான் இந்தப் பிழை பிடிபட்டது.

தீர்ப்பு என்ன?

இந்த நூற்றாண்டில் ஓட்டம் தளரும் என்பதில் நிபுணர் குழுவுக்குச் சந்தேகம் மிகக் குறைவு. 2100-க்குள் திடீரென்று நின்றுவிடாது என்றும் அது கருதுகிறது. ஆனால் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. டென்மார்க் ஆராய்ச்சியாளர் இருவர், நூற்றாண்டின் நடுவிலேயே ஆபத்து வரலாம் என்று 2023-ல் சொன்னார்கள். மற்றவர்கள் அதை மறுத்தார்கள்.

வழக்கைத் தீர்க்கச் சாட்சி வேண்டும். நேரடிச் சாட்சியின் வயதோ இருபதுக்குச் சற்று மேல். இந்தக் கருவிகளைக் கப்பலில் சென்று அவ்வப்போது எடுத்து, பாட்டரி மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். பணமோ சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்படுகிறது. ஒரு தவணை நின்றால், அந்த இடைவெளியைப் பின்னால் எந்தப் பணத்தாலும் நிரப்ப முடியாது.

புகையைக் குறைப்பதே மருந்து. ஆனால் நோய் எவ்வளவு முற்றியது என்று அறிய, கை நாடியிலேயே இருக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் ஏரிக்கரைக்குக் காவல் போடும் ஊர், "போன வருஷம் உடையவில்லையே" என்று காவலை எடுத்துவிடுவதில்லை!