அப்பத்தாவுக்கு வராதா?

வயதானவர்களுக்கு யந்திரங்கள் பிடிபடாது என்று ஓர் அபிப்பிராயம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. படித்த பிள்ளைகள் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பரிவு தொனிக்கும். "பாவம், அம்மாவுக்கு இதெல்லாம் வராது" என்பார்கள். அம்மாவும் அதைக் கேட்டுக் கேட்டு, "எனக்கு இதெல்லாம் எங்கே வரும்?" என்று தானே சொல்லத் தொடங்கிவிடுவாள். இந்தப் பரிவைவிடப் பெரிய அக்கிரமம் வேறு கிடையாது என்பது என் கட்சி. ஆத்திரத்தில் சொல்லவில்லை, சாட்சியை வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டி என்று ஓர் ஊர். சுருளி அருவிக்குப் பக்கம். பன்னீர் திராட்சை விளைகிற பூமி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அங்கே என் சிநேகிதர் ஒருவருக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு. மும்முனை மின்சாரம் நேரங்கெட்ட நேரத்தில் வரும். ஒரு காலத்தில் அதற்காக நடுராத்திரியில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து காலைத் தட்டித் தட்டி நடந்து போவார்கள். இப்போது மோட்டார் ஸ்டார்ட்டரோடு ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு. மின்சாரம் வந்தால் அது வீட்டுக்குப் போன் செய்கிறது. தமிழில் பேசுகிறது. இன்ன எண்ணை அமுக்கினால் மோட்டார் ஓடும், இன்ன எண்ணை அமுக்கினால் நிற்கும் என்று சொல்கிறது. சிநேகிதர் லோடு ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் அந்தப் போனை எடுப்பவர் அவருடைய தாயார். எழுபத்தாறு வயது, மூன்றாம் வகுப்புப் படிப்பு. ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிற மோட்டாரைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஓட்டுகிறார், நிறுத்துகிறார், மின்சாரம் போனால் மின்வாரியத்தை வைகிறார். இவருக்கா யந்திரம் பிடிபடாது?

ஆனால் போன ஐப்பசியில் நான் அங்கே போயிருந்தபோது, இதே அம்மாள் தன் வீட்டுக் கூடத்தில் நீலத் திரை ஒன்றின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். திரையில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி. மூன்று நாளாக அப்படியே இருக்கிறதாம்.

"என்னம்மா ஆச்சு?"

"எதையோ அமுக்கிப்புட்டேன் தம்பி. பேரன் வந்தாத்தான் சரியாகும்."

"எப்ப வர்றான்?"

"பொங்கலுக்கு."

பேரனுக்குப் பெங்களூரில் உத்தியோகம். பாசமான பையன்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். பெரிய டி.வி. வாங்கி மாட்டினான். சத்தத்துக்கென்று ஹோம் தியேட்டர் பெட்டிகள் வைத்தான். அதோடு நிற்காமல் டி.வி.க்குப் பின்னால் ஒரு சின்னக் கம்ப்யூட்டரைப் பொருத்தி, அதில் பழைய சினிமாக்கள், பாட்டுகள், வீட்டு விசேஷங்களின் வீடியோக்கள் எல்லாவற்றையும் ஏற்றினான். தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோவும் அதில் இருக்கிறது. தாத்தா இப்போது இல்லை. அப்பத்தா பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான்.

எதிரே ஸ்டூலில் நாலு ரிமோட்டுகள். டி.வி.க்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, சத்தப் பெட்டிக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தேன்: நூற்று அறுபத்தேழு பொத்தான்கள். ஒன்றிலாவது தமிழ் எழுத்து இல்லை. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும் நாலு இடம்.

ரிமோட் என்பது பிறந்தபோதே இப்படி இருக்கவில்லை. அமெரிக்காவில் ஜெனித் கம்பெனி 1956-ல் 'ஸ்பேஸ் கமாண்ட்' என்ற ரிமோட்டைக் கொண்டுவந்தது. ராபர்ட் ஆட்லர் என்பவரின் யோசனை. உள்ளே பாட்டரியே கிடையாது. நாலு அலுமினியத் தண்டுகள், பொத்தானை அமுக்கினால் சின்னச் சுத்தியல் ஒன்று தண்டைத் தட்டும், மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழும்பும், டி.வி. அதைக் கேட்டுக் கீழ்ப்படியும். பாட்டரி ஏன் கூடாது? பாட்டரி தீர்ந்துபோனால், வாங்கியவர் டி.வி.யே கெட்டுவிட்டதென்று கலங்குவார் என்று விற்பனைக்காரர்கள் சொன்னார்களாம். அந்தக் கலக்கத்தைத் தவிர்ப்பது தங்கள் பொறுப்பு என்று அன்றைக்கு நினைத்தார்கள்! இன்றைக்கு அப்பத்தா கலங்கினால் அது அப்பத்தாவின் குற்றம்.

நம் ஊர்க் கதையையும் பாருங்கள். 2006 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு வீடுதோறும் 14 அங்குல இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். கூட ஒரு ரிமோட். அந்த ஒற்றை ரிமோட்டைக் கற்றுக்கொள்ளாத கிழவி எந்தக் கிராமத்தில் இருந்தாள்? சீரியல் நேரத்தில் அதை அவள் கையிலிருந்து பிடுங்க முடியாமல் பேரன்கள்தான் அழுதார்கள். பிறகு டிஜிட்டல் பெட்டி வந்தது. 2017-ல் அரசு கேபிளிலும் அந்தப் பெட்டியைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெட்டியோடு இரண்டாவது ரிமோட். அன்று முதல்தான் கிழவிகளுக்கு எல்லாம் 'வராமல்' போயிற்று. கிழவியின் மூளை அந்த வருஷமா மங்கியது?

இப்போது அந்தச் சிவப்புப் பொத்தானை எடுத்துக்கொள்வோம். இந்த நூற்று அறுபத்தேழில் படுமோசமானது அதுதான். விளக்கு ஸ்விட்ச் என்றால் கீழே தள்ளினால் எரியும், மேலே தள்ளினால் அணையும். சிவப்புப் பொத்தானுக்கோ ஒரே சொல்தான்: "மாறு." எரிகிறதை அணைக்கும், அணைந்ததை எரிக்கும். ஒரே ஒரு பெட்டி இருந்தவரை சரி. நாலு பெட்டிகள் இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டிருந்தால்? நாலுக்கும் "மாறு" என்று கட்டளை போகிறது. மூன்று தூங்குகின்றன, ஒன்று விழிக்கிறது. மறுபடி அமுக்கினால் மூன்று விழிக்கின்றன, ஒன்று தூங்குகிறது. ரிமோட்டோ பிறவிக் குருடு, பிறவிச் செவிடு. அகச்சிவப்பு ஒளியில் கண்ணைச் சிமிட்டத் தெரியுமே ஒழிய, பதிலைக் கேட்கத் தெரியாது. "எரி" என்றும் "அணை" என்றும் தனித்தனிக் கட்டளைகளைப் பல பெட்டிகள் புரிந்துகொள்ளும். ஆனால் கூடவே தருகிற ரிமோட்டில் அவற்றுக்குப் பொத்தான் வைக்க மாட்டார்கள். இதை எஞ்சினீயர் ஒருவரிடம் சொன்னேன். "பழகிப்போயிடும் சார்" என்றார்.

பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி இல்லையா என்றால், இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. கம்பிக்குள்ளேயே அதற்கொரு ஏற்பாடு உண்டு, சி.இ.சி. என்று பெயர். ஒரு பெட்டி விழித்தால் டி.வி.யையும் எழுப்பி, தன் பக்கம் திருப்பிவிடும். ஆனால் கம்பெனிகளுக்குக் கௌரவம் குறைந்துவிடும் அல்லவா? சாம்சங் அதை 'எனிநெட் பிளஸ்' என்கிறது, எல்.ஜி. 'சிம்பிளிங்க்' என்கிறது, சோனி 'பிராவியா சிங்க்' என்கிறது. ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் சூட்டி, அமைப்புப் பட்டியலின் அடிமூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

கம்பெனிகளை வைதாயிற்று. இனி பேரனிடம் வருகிறேன். அவன்மீதுதான் எனக்கு அதிக வருத்தம்.

ஏனென்றால் கடையில் வாங்கிய டி.வி.யில் எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பது கம்பெனி வைத்த சட்டம்; மாற்ற முடியாது. அவன் பொருத்திய கம்ப்யூட்டரில் அப்படிச் சட்டமே கிடையாது. அதில் ஓடுவது 'கோடி' என்ற மென்பொருள். (பெயர்தான் கோடி, காசு கொடுக்க வேண்டியதில்லை.) ரிமோட்டின் சிமிட்டலை வாங்கிக்கொள்ள ஒரு சின்னக் கண் செருகியிருக்கிறது. ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கினால் ஓர் எண் தெரியும்; அந்த எண்ணுக்கு என்ன வேலை என்பதை ஒரு பட்டியலில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அந்த வீட்டில் பொத்தானுக்கு அர்த்தம் சொல்லும் அதிகாரம் வீட்டுக்காரருக்கே உள்ள ஒரே யந்திரம் இது. பையன் என்ன செய்தான்? தன் விரலுக்குத் தோதாக எழுதினான். படத்தின் வேகத்தை மாற்ற ஒரு பொத்தான், சப்டைட்டிலை நகர்த்த இரண்டு. வருஷத்தில் பத்து நாள் வருகிறவனுக்காக எல்லாம் இருந்தது. மீதி முந்நூற்றைம்பத்தைந்து நாள் அங்கே இருப்பவருக்காக ஒன்றும் இல்லை.

போனில் கூப்பிட்டேன். "அப்பத்தாவுக்கு வராது மாமா, நான் வந்து போட்டுக் கொடுக்கிறேனே" என்றான். "உன் அப்பத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் ஓட்டுறாங்கப்பா" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு நல்ல பிள்ளையாகப் பெங்களூரிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தான். மற்ற ரிமோட்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற ரிமோட் ஒன்றை அன்று சாயங்காலம் கம்பத்தில் வாங்கிவந்தோம். புதுச் சரக்கல்ல இது. ஆப்பிள் கம்ப்யூட்டரைச் செய்த ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-லேயே இந்த மாதிரி ஒன்றை விற்றுப் பார்த்தார்.

கம்ப்யூட்டரையும் சத்தப் பெட்டியையும் அணைப்பதே இல்லை என்று முடிவு செய்தோம். சிவப்புப் பொத்தான் டி.வி.யோடு மட்டும் பேசும். குழப்பத்துக்கு இடமே இல்லை. சத்தம் ஒரே இடத்தில்தான். மற்ற மூன்றையும் நடுவில் நிறுத்தி அப்படியே விட்டோம். சி.இ.சி.யைத் தேடிப்பிடித்து எழுப்பினோம். எந்த எண்ணுக்கு என்ன வேலை என்பதை அந்த அம்மாளே சொன்னார். ஒன்று: அறுபதாம் கல்யாணம். இரண்டு: பழைய பாட்டு. மூன்று: கேபிள். நாலாவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"விளம்பரம் வந்தா வாயை மூடணும்" என்றார்.

ஜெனித் கம்பெனியின் தலைவர் மக்டொனால்டு விளம்பரங்களை வெறுத்தவர். விளம்பரத்தின் வாயை மூட வேண்டும் என்பது அவர்கள் ரிமோட் செய்ததற்கு ஒரு முக்கிய காரணம். அது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பாட்டரி இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். போன் காமிராவுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்து அமுக்கினால், பல போன்களில் நுனியில் ஊதா வெளிச்சம் மின்னும். மின்னாவிட்டால் பாட்டரியை மாற்ற வேண்டும். இரண்டு தரம் செய்து பார்த்துக்கொண்டார்.

"மிச்சப் பொத்தானெல்லாம் எதுக்கு தம்பி?"

"ஒண்ணுக்கும் இல்லம்மா. அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது."

பேரன் போனில் முனகினான்: முப்பத்தாறு பொத்தான்களைச் சும்மா விடுவது வீண் அல்லவா என்று. சும்மாவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.