பதக்கம் தேசத்துக்கு, பணம் யாருக்கு?

2030-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை அகமதாபாத்தில் நடத்துவதென 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. அடுத்து 2036 ஒலிம்பிக்கையும் கொண்டுவர வேண்டுமென்று மத்திய சர்க்கார் முயன்று வருகிறது. எல்லாம் தேசத்தின் பெருமைக்காக என்கிறார்கள். நல்லது. அந்தப் பெருமைக்கு யார் பணம் கொடுப்பது, அது யார் கைக்குப் போவது என்று கேட்க உழைக்கும் மக்களுக்கு உரிமை உண்டு.

வருமான வரி கட்டாத கூலிக்காரனுக்கு இதில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். அவன் கட்டாத வரியா? செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மில் முதலாளிக்கும் அதே விகிதம், நடவுக்குப் போகும் பெண்ணுக்கும் அதே விகிதம். கஜானாவில் நமது காசும் இருக்கிறது.

விளையாட்டு வீரருக்குப் பணம் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நமது வீரர்களைத் தயார் செய்ய ஏறக்குறைய 470 கோடி ரூபாய் செலவாயிற்று. கிடைத்தவை ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம். ஒரு பதக்கம் எத்தனை கோடி என்று கணக்குப் போட்டுக் கேலி செய்தவர்கள் உண்டு. அந்தக் கேலியில் நமக்குப் பங்கு வேண்டாம். வீரரும் உடலை வருத்தி உழைப்பவர்தான். அவருக்குச் சத்துள்ள உணவு, பயிற்சியாளர், வைத்தியர் எல்லாம் வேண்டும்.

ஆனால் பெரும்பணம் வீரருக்கா போகிறது? 2010-இல் டில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிகளுக்கு ஆன மொத்தச் செலவு 18,500 கோடி ரூபாய்க்கு மேல் என்று தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை கூறியது. பாரிசுக்கு வீரர்களைத் தயார் செய்த செலவு இதில் சுமார் 40-ல் ஒரு பங்கு! எஞ்சியது மேம்பாலம், ஸ்டேடியம், அலங்காரம், காண்ட்ராக்ட் என்று போகும் பணம். தாழ்த்தப்பட்ட மக்களின் நலத்துக்கென டில்லியில் ஒதுக்கப்பட்ட தொகையிலிருந்தும் 600 கோடிக்கு மேல் இந்தப் போட்டிகளின் வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. இதை மத்திய உள்துறை மந்திரியே பார்லிமெண்டில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஸ்டேடியம் கட்டியவன் கதை என்ன? 1982 ஆசிய விளையாட்டுக்காக டில்லியில் கட்டிட வேலை செய்தவர்களுக்கு அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை மேஸ்திரிகள் கமிஷனாகப் பிடித்துக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடுத்துள்ள கட்டாய வேலையே என்று அவ்வாண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தேசப் பெருமையின் அஸ்திவாரத்தில் அந்த ஒரு ரூபாயும் கிடக்கிறது!

இனி வீரரைப் பாருங்கள். சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்த தாயின் மகன். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். வென்றதும் மாநில சர்க்கார் 2 கோடி ரூபாய் அறிவித்தது. மத்திய சர்க்கார் 75 லட்சம். தகுதியான பரிசுதான். ஆனால் வென்ற பிறகு வரும் கோடி, வெல்லும் முன்பு தேவைப்படும் ஒரு ஜோடி காலணிக்கும் ஒரு வேளைப் பாலுக்கும் ஈடாகுமா? அரை வயிற்றோடு ஓடி, பாதியில் நின்று கூலி வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

ஆகவே விளையாட்டுக்குப் பணமே கூடாது என்பது நமது வாதமல்ல. முதல் பணம் பள்ளி மைதானத்துக்கும், அங்கே நிரந்தர விளையாட்டு ஆசிரியருக்கும், பயிற்சி பெறும் பிள்ளையின் உணவுக்கும் போகட்டும். போட்டி வேலைகளில் சட்டப்படியான கூலி முழுமையாகத் தொழிலாளியின் கைக்குச் சேரட்டும். தாழ்த்தப்பட்டோர் நிதியில் ஒரு காசும் தொடப்படக் கூடாது. காண்ட்ராக்டுகளின் கணக்கு, போட்டி முடிந்த பின் அல்ல, வேலை நடக்கும்போதே ஜனங்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

2030-க்கு இன்னும் காலமிருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு மைதானம் உண்டா, ஆசிரியர் உண்டா என்ற கேள்வியைச் சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் இப்போதே எழுப்புங்கள்! பணம் நம்முடையது. கணக்குக் கேட்கும் உரிமையும் நம்முடையதே.