பெருமிதம்

உத்தியோகம் நாடும் இளைஞர்க்கு, நெஞ்சை நிமிர்த்தி நின்றால் தைரியம் தானே வருமெனப் போதிப்பார் பலர். 2010-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், 42 பேரைச் சோதித்து, இரண்டு நிமிஷம் வீறுடன் இருந்தாலே ஹார்மோன் என்னும் சுரப்புநீர் மாறும் என்றனர். 2015-இல் வேறு சிலர் 200 பேரைச் சோதித்தபோது, தாம் வலியர் என்ற உணர்ச்சி மிகுந்ததேயன்றிச் சுரப்புநீர் மாறவில்லை.

தொல்காப்பியரோ, மெய்ப்பாட்டியலில் பெருமிதத்திற்கு ஈகை, புகழ், அஞ்சாமை, கல்வி என்னும் நான்கையே நிலைக்களமாக வைத்தார். தோளையும் மார்பையும் வைத்தாரல்லர். உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படுதலன்றோ மெய்ப்பாடு?

ஆதலின், நண்பர்காள், நிமிர்ந்து நிற்றல் நன்றே. ஆயினும் தொழிலை ஐயமறக் கற்றவனுக்கே அந்நிமிர்வு நிலைக்கும். தேர்வு செய்யும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம்: தலைமுறைதோறும் பணிந்து நிற்கப் பழக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையின் குனிந்த தலையைக் கண்டு, அறிவிலி எனத் தீர்ப்பிடுதல் நீதியன்று. வினாவை விடுத்து, விடையைக் கேண்மின்.