‘ஓரிரு இடங்கள்’ எவை?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வானிலை அறிக்கையில் தவறாமல் காதில் விழுவது ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல்தான். ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும், ஓரிரு இடங்களில் வெப்பம் இயல்பைவிடக் கூடக்கூடும். கேட்பவர் சிரித்துவிட்டு, குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறார்.

உண்மையில் அந்தச் சொல் மழுப்பலாகச் சொல்லப்படுவதில்லை. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை மழை பதிவானால் ‘ஓரிரு இடங்கள்’ என்பது வானிலைத் துறையின் கணக்கு. கோடை இடிமழையின் குணமும் அதுவே. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் சூட்டில் ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் மேகம் திரண்டு, ஒரு மணி நேரத்தில் கொட்டிக் கலைந்துவிடும். பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். எந்த ஊரில் பெய்யும் என்று முதல் நாளே சொல்ல யாராலும் ஆகாது. அதற்காக வானிலை ஆய்வு மையத்தைக் கேலி செய்வது நியாயமில்லை.

மேகம் எழுந்துவிட்ட பிறகோ கதை வேறு. அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று ரேடார் காட்டிவிடும். அப்போது வரும் ‘அடுத்த 3 மணி நேர’ அறிவிப்பிலும் மாவட்டப் பெயர்களே வரிசையாக வாசிக்கப்படுகின்றன என்பதுதான் நம் குறை. ஈரோடு மாவட்டம் என்கிறார்கள். தாளவாடி மலைமேல் இருக்கிறது, கொடுமுடி காவிரிக்கரையில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை என்றால் இரண்டு ஊரும் அதைப் பொருட்படுத்தாது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்க 3 மணி நேரம் போதாதுதான். ஆனால், களையெடுக்கும் பெண்கள் மரத்தடியில் ஒதுங்காமல் வீடு போய்ச் சேர அரை மணி நேரம் தாராளம். மின்னலை முன்கூட்டிச் சொல்ல ‘தாமினி’ செயலி இருக்கிறதே என்பார்கள். வயலில் குனிந்து நிற்பவரின் கைபேசி, தூக்குச்சட்டியோடு வரப்பில் கிடக்கிறது. ஊராட்சி ஒலிபெருக்கிக்குத்தான் அவர் காது எட்டும்.

வெயில் விஷயத்தில் சொல் இன்னும் மெலிந்துவிடுகிறது. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி. அத்தோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை. சென்னையின் மே மாத இயல்பே 37, 38 டிகிரியை ஒட்டியது. ஆகவே 42-ஐ நெருங்காதவரை இந்த நகரத்தில் வெப்ப அலை இல்லை. கடற்காற்று நுழைந்து வெப்பமானி சற்று இறங்கி, ஈரப்பதம் ஏறி, வியர்வை உலராமல் உடம்பு கொதிக்கும் மாலைகளுக்கு அறிக்கையில் உள்ள சொல் ‘அசௌகரியம் ஏற்படலாம்’. பேருந்தில் உட்கார இடம் கிடைக்காதது அசௌகரியம். மூன்றாம் மாடிக்குச் செங்கல் சுமக்கும் சித்தாளுக்கு நேர்வதை அப்படிச் சொல்லலாமா? போதாததற்கு, அறிக்கையில் வரும் எண் நிழலில், நாலடி உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் அளந்தது. அவர் நிற்பதோ வெட்டவெளியில்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் உயிர் போவதற்கு முன்னால் அரசு என்ன செய்யும்? 2010 கோடை வெப்பத்தில் அடிபட்ட அகமதாபாத், எந்த அளவு வெப்பத்துக்கு எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்று 2013-லேயே எழுதி வைத்தது. இங்கும் ஆரஞ்சு எச்சரிக்கை வந்த உடனே, கட்டட வேலையும் நூறு நாள் வேலையும் முற்பகல் 11 மணிக்கு நிற்கும்படி மாவட்ட ஆட்சியரின் உத்தரவு தானாக நடைமுறைக்கு வர வேண்டும், அன்றைய கூலி குறையாமல். கடலோரத்துக்கு ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் தனி வரம்பு வேண்டும். இடிமழை அறிவிப்பு வட்ட வாரியாகப் பிரிந்து ஊராட்சிகளுக்குப் போக வேண்டும். ‘கொடுமுடி வட்டம், மாலை 4 முதல் 6 வரை இடி மின்னல், வயலில் இருப்பவர்கள் உடனே வீடு திரும்பவும்’ என்று ஒலிபெருக்கி சொல்லட்டும்.