நெஞ்சு படபடப்புக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது?

எனக்கு வயது 36. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, கல்யாணமாகி, கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்தவள். வீடு, இரண்டு மாடு, இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று பொழுது போவதே தெரியாது. எனக்கு வந்ததை என் பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. நம் சகோதரிகளில் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

2022-ம் வருஷம் ஆடி மாதம். மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை விரலெல்லாம் மரத்துப் போய், மூச்சு முட்டி, "இத்தோடு முடிஞ்சோம், பிள்ளைகளை யார் பார்ப்பா" என்றே நினைத்துவிட்டேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த வாரமே மறுபடி வந்தது. இந்த முறை அடுப்படியில்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை என்று 11 ஆயிரம் ரூபாய் செலவு. "ஹார்ட் நல்லா இருக்கு, கேஸ் ட்ரபிள்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நன்றாக இருக்கும் இதயம் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மாமியார் பாசமாகத்தான், "கண்ணு, உச்சி வெயில்ல அந்தப் புளியமரத்துப் பக்கம் போனியா?" என்று கேட்டு, பூசாரியிடம் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது. அவர் மனசு கோணக் கூடாதே!

இன்னொரு டாக்டர் தூங்குவதற்கு மாத்திரை எழுதினார். பத்து நாளைக்கு என்று எழுதியதைப் பழைய சீட்டைக் காட்டியே ஐந்து மாதம் வாங்கினேன். பாதி மாத்திரையில் ஆரம்பித்து ஒன்றானது. மருந்துக் கடையில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அது இல்லாமல் தூக்கமே வராது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

இதற்குள் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஊர்ப் பெண்களெல்லாம் சந்தோஷமாக ஏறி இறங்குகிறார்கள், நான் மட்டும் பஸ் ஹாரன் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுவேன். அம்மா வீட்டு வளைகாப்புக்குப் போகவில்லை. மகள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகவில்லை. "திமிரு புடிச்சுப் போச்சு" என்று நாத்தனார் சொன்னது காதில் விழுந்தது. திமிர் என்றே நினைக்கட்டும், பயம் என்று தெரிய வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அந்த முட்டாள்தனத்துக்கு இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஒருநாள் ராத்திரி என் வீட்டுக்காரரிடம் அழுதுகொண்டே சொன்னேன். "ஏனுங்க, எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயமா இருக்குதுங்க." அவர் அதிகம் பேசாதவர். காலையில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அரசாங்க மனநல உதவிக்கு 14416 என்று எங்கோ சுவரில் பார்த்து எழுதி வந்திருக்கிறார். 2022 அக்டோபரில் ஆரம்பித்த சேவை, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். மாட்டுக் கொட்டகையில் நின்று பேசினேன். எதிர்முனையில் ஒரு பெண் அவசரப்படாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "இது நிறைய பேருக்கு வருதுங்கம்மா, குணப்படுத்தலாம்" என்று சொல்லி, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். ஆறு மாதமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் யாரும் சொல்லவில்லை.

ஓ.பி. சீட்டு வாங்கி அந்த அறை வாசலில் உட்கார்ந்தபோது, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லாம் என்னைப் போன்றவர்கள்தான். பரீட்சைக்குப் பயந்த பையன், தூக்கம் வராத பெரியவர், பிள்ளை பெற்று மூன்று மாதமான பெண். டாக்டர் முதலில் தைராய்டும் ரத்தமும் பார்க்கச் சொன்னார். தைராய்டு அதிகமானாலும் இதே படபடப்பு வருமாம். அது சரியாக இருந்த பிறகுதான், இது பதற்ற நோய், பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் வரும் என்று விளக்கினார்.

கொடுத்த மாத்திரை பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது தெரியாமல்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இது தூக்க மாத்திரை போலப் பழக்கமாகிவிடாது. பலன் தெரிய மூன்று நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் சில நாள் குமட்டும், படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். நாமாக நிறுத்தக் கூடாது. எனக்கு முதல் எட்டு நாள் வயிற்றைப் புரட்டியது. தூக்கி எறியப் போனவளை வீட்டுக்காரர் தடுத்தார். பழைய தூக்க மாத்திரையை ஒரே நாளில் விடாமல், அவர் சொன்னபடி வாரக்கணக்கில் குறைத்து விட்டேன்.

மாத்திரையோடு கவுன்சலிங்கும் வேண்டும் என்றார்கள். இங்கேதான் ஏமாந்தேன். போர்டு மாட்டிய ஒருவரிடம் 800 ரூபாய் கொடுத்துப் போனால், "பொறுமையா இருக்கணும், புருஷன்கிட்ட எதிர்த்துப் பேசாதீங்க" என்று புத்தி சொல்லி அனுப்பினார். அதைச் சொல்ல எங்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதுவும் ஓசியில்! பிறகுதான் தெரிந்தது, மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று. பதிவு எண்ணைத் தைரியமாகக் கேளுங்கள். படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவதாகப் பார்த்த அம்மா பதிவு பெற்றவர். புத்தி எதுவும் சொல்லவில்லை, ஒரு நோட்டுப் போடச் சொன்னார். பயம் வரும்போது "என்ன நடக்கும் என்று நினைத்தேன்" என்று ஒரு பக்கம், "என்ன நடந்தது" என்று மறுபக்கம். முதல் பக்கத்தில் எத்தனை முறை செத்திருக்கிறேன் தெரியுமா! மறுபக்கத்தில் எல்லாம் "வியர்த்தது, அடங்கியது" என்றுதான் இருக்கிறது. படபடப்பு உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும், அதற்குள் நாம் ஓடிவிடுவதால் ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனசு நம்பிவிடுகிறது என்று விளக்கினார். அதனால் பஸ்ஸில் முதலில் வீட்டுக்காரரோடு ஒரு ஸ்டாப், பிறகு மூன்று, பிறகு தனியாக. பையில் எப்போதும் வைத்திருந்த கேஸ் மாத்திரையையும் எடுத்துவிடச் சொன்னார். அன்றுதான் அதிகமாக நடுங்கினேன். இறங்க வேண்டிய இடம் வரை இறங்கவில்லை.

பத்து தடவை போனேன். ஒன்றரை வருஷத்தில் டாக்டரே மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார். இப்போதும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். வந்துவிட்டுப் போகட்டும் என்று மாவு ஆட்டிக்கொண்டிருப்பேன்.

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்ல ஆசை. மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வருகிறது. எங்கள் பக்கம் எந்த நாள் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ரேஷன் கடைச் சுவரில் அந்த நாளை எழுதிப் போட்டால், மாடு கறந்துவிட்டுப் போய், பள்ளி விடுவதற்குள் திரும்பிவிடுவோமே. ஒருநாள் முழுக்கச் செலவழித்து மாவட்டத் தலைநகருக்குப் போக எத்தனை பெண்களால் முடியும்? என்ன காரணம் சொல்லிவிட்டுப் போவது?

என் நாத்தனார், "வெளியே சொல்லாதே, நாளைக்கு உன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஊர் அப்படித்தான் இருக்கிறது. 2017-ல் வந்த மனநலச் சட்டம் சிகிச்சை விவரத்தை ஆஸ்பத்திரி ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. ஊர் வாய்க்கு எந்தச் சட்டம் இருக்கிறது? ஆனால் சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டு மேஜையிலும் இந்த மாத்திரையை அரிசி டப்பாவுக்குள்ளும் வைத்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. ஏழாவது படிக்கும் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இதுக்காம்மா அன்னிக்கு ஆண்டு விழாவுக்கு வரல?" என்று மட்டும் கேட்டாள்.

பெயரைப் போட்டே அனுப்பு என்கிறார் வீட்டுக்காரர். இன்னும் அந்தத் தைரியம் வரவில்லை. இந்த முறை மாவட்டத்தை மட்டும் போடுங்கள்.

- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்